யாருடைய கடனை யார் மன்னிப்பது? - யூபிலி இயக்கம் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

வறுமைக்கு எதிரான கிறிஸ்தவச் செயற்பாடு என்றதும் எம்மவர் மத்தியில் பெரும்பாலும் இருவிதமான எதிர்வினைகளே எழுகின்றன. முதலாவது, இடதுசாரி மரபினூடாக வந்தவர்களுடையது. மதம் அபின், தருமம் சுரண்டலின் முகப்பூச்சு, மிஷனரிமார் ஒரு கையில் பாணும் மறு கையில் வேதப்புத்தகமுமாக வந்தவர்கள் என்று சொல்லி விவாதத்தை அத்துடன் முடித்துவிடுவார்கள். இரண்டாவது, நன்றியுணர்விலிருந்து வருவது. இடம்பெயர்ந்து தேவாலய வளவுகளில் படுத்திருந்தபோது கஞ்சி காய்ச்சி ஊற்றியது யார், காணாமற்போனவர்களின் பெயர்களைப் பதிந்து வைத்தது யார் என்று கேட்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரு தரப்பினரும் கொடுப்பவரின் நோக்கத்தையே எடைபோடுகிறார்கள். கொடுக்கவேண்டிய நிலை எவ்வாறு உண்டாகிறது, அதை உண்டாக்கும் ஏற்பாட்டை இந்த விசுவாசம் தொடுகிறதா இல்லையா என்ற கேள்வி இரு பக்கத்திலும் விடுபட்டுப் போகிறது.

அந்தக் கேள்வியை ஒரு குறிப்பிட்ட இயக்கத்தை முன்வைத்துப் பரிசீலிப்பதே இக்குறிப்புகளின் நோக்கம். 1990களில் பிரித்தானியாவில் தோன்றி உலகெங்கும் பரவிய 'யூபிலி 2000' என்னும் கடன் ஒழிப்பு இயக்கமே அது. கிறிஸ்தவ விசுவாசத்தின் பெயரால் உலக வறுமைக்கெதிராக அண்மைக்காலத்தில் நடந்த கூட்டுச் செயற்பாடுகளுள் இது மிகப் பெரியவற்றில் ஒன்று. இதை இப்போது ஏன் பேசவேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. 2025ஆம் ஆண்டைக் கத்தோலிக்கத் திருச்சபை மீண்டும் யூபிலி ஆண்டாக அறிவித்தது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் அதையொட்டி ஏழை நாடுகளின் கடன்களை ஒழிக்கும்படி கேட்டார். மற்றது, 2022 ஏப்ரலில் இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆபிரிக்காவின் பிரச்சினை என்று நாம் தள்ளிவைத்திருந்த விடயம் அத்துடன் எமது வீட்டு அடுப்புவரை வந்துவிட்டது.

1. பேர்மிங்காமின் மனிதச் சங்கிலி

யூபிலி 2000இன் தொடக்கம் மிகச் சாதாரணமானது. கீல் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்த மார்ட்டின் டென்ட், ஓய்வுபெற்ற இராஜதந்திரியான பில் பீற்றர்ஸ் ஆகிய இருவரும் ஆயிரமாவது ஆண்டுத் திருப்பத்தை ஒரு கோரிக்கையாக மாற்றலாம் என்று எண்ணினார்கள். விவிலியத்தின் யூபிலி ஆண்டைப் போல 2000ஆம் ஆண்டில் மிக வறிய நாடுகளின் கட்டமுடியாத கடன்கள் துடைக்கப்படவேண்டும் என்பதே அது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 1994இல் வெளியிட்ட திருமடலில் யூபிலியைக் கடன் குறைப்புக்குரிய தருணமாகக் குறிப்பிட்டிருந்தார். கிறிஸ்டியன் எய்ட், கஃபோட், ரியர்ஃபண்ட் போன்ற திருச்சபைசார் நிறுவனங்கள் சேர்ந்துகொள்ள, கோரிக்கை ஓர் இயக்கமாயிற்று.

1998 மே 16ஆம் திகதி பேர்மிங்காமில் எட்டுப் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடியபோது ஏறத்தாழ 70,000 பேர் அந்நகரைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். மறு ஆண்டு கொலோன் மாநாட்டிலும் சங்கிலி தொடர்ந்தது. இயக்கத்தின் மனுவில் இறுதியில் சுமார் 2 கோடி 40 இலட்சம் பேர் ஒப்பமிட்டார்கள்.

எண்ணிக்கையைவிட என் கவனத்தை ஈர்ப்பது அங்கு நின்றவர்கள் யார் என்பதே. அவர்களிற் பெரும்பாலானோர் எந்த இடதுசாரிக் கட்சியையும் சேர்ந்தவர்களல்லர். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் மண்டபங்களிலிருந்து வந்தவர்கள். ஏற்றுமதி வருமானத்தில் எத்தனை வீதம் வட்டிக்குப் போகிறது என்பதை அவர்கள் கற்றுக்கொண்டு, தத்தம் நாட்டு நிதியமைச்சுகளுக்கு அஞ்சலட்டை எழுதினார்கள். கடன் என்பது நிபுணர்களுக்கு மட்டுமுரிய விடயம் என்ற பிரமையை உடைத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. விரிவுரை மண்டபத்தில் நான் பொருளியல் கற்பித்த காலத்தில், இதே விடயத்தைப் பரீட்சைக்குரிய தலைப்பு என்பதற்கு மேலாக எடுத்துக்கொண்ட மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆகவே அபின் என்று சொல்லும் நண்பர்கள் முதலில் இந்தச் சங்கிலிக்கு ஒரு விளக்கம் தரவேண்டும்.

2. விவிலியம் உண்மையிற் சொல்வது

இயக்கம் தன் பெயரை எடுத்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பது பயனுள்ளது. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் ஐம்பதாவது ஆண்டு பற்றிப் பேசுகிறது. ஆட்டுக்கடாக் கொம்பு ஊதப்படும். விற்கப்பட்ட காணி பழைய குடும்பத்திடம் திரும்பும். கடனுக்காக அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குப் போவான். ஏழாவது ஆண்டின் கடன் விடுதலை பற்றி உபாகமத்தின் 15ஆம் அதிகாரம் பேசுகிறது.

இங்கு பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. லேவியராகமத்தின்படி காணியின் விலை, அடுத்த யூபிலிவரை எஞ்சியிருக்கும் அறுவடைகளைக் கணக்கிட்டே தீர்மானிக்கப்படவேண்டும். அதாவது விற்கப்படுவது நிலமல்ல. இத்தனை போக விளைச்சல் மட்டுமே. நிலம் கைமாறும் நாளிலேயே அது திரும்பும் நாளும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. ஐம்பதாவது ஆண்டில் வாங்கியவன் இரக்கப்பட்டுக் காணியைக் கொடுப்பதில்லை. அவனுடைய உரிமை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். கொடுத்தவனின் மனம் இளகியிருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கு இடமே கிடையாது. இது சட்டம்.

சட்டமென்றால் அதற்கு ஓட்டையும் உண்டாகும். கிறிஸ்துவுக்குச் சற்று முந்திய காலத்தில் ஹில்லேல் என்ற யூத ரபி 'புரோஸ்புல்' என்றொரு நடைமுறையை ஏற்படுத்தினார். கடன் கொடுத்தவர் தனது கடன் பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் ஏழாம் ஆண்டின் விடுதலை அதைத் தொடாது. ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்க ஏழைகளுக்குக் கடன் கொடுக்க எவரும் முன்வரவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இந்த நியாயத்தை நினைவில் வைத்திருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் நியூயோர்க்கிலும் லண்டனிலும் இதே வாதத்தை நாம் கேட்கப்போகிறோம்.

இன்னொரு சொல்லையும் பார்ப்போம். கிறிஸ்தவர்கள் நாளாந்தம் சொல்லும் கர்த்தர் கற்பித்த செபத்தில், மத்தேயு எழுதிய கிரேக்க மூலத்தில் இருப்பது கடன் என்ற சொல். லூக்காவில் அது பாதி பாவமாகவும் பாதி கடனாகவும் நிற்கிறது. தமிழ்ப் புரட்டஸ்தாந்து வேதாகமம் 'கடன்' என்ற சொல்லையே மத்தேயுவில் வைத்திருக்கிறது. கத்தோலிக்கக் கோயில்களில் நாம் கேட்டு வளர்ந்த செபத்திலோ அது 'பாவம்' ஆகிவிட்டது. நோர்வேஜிய மொழியில் குற்றத்துக்கும் கடன்படுதலுக்கும் ஒரே வேர்ச்சொல். ஜேர்மன் மொழியிலும் அப்படியே. கடன் பாவமாக மாறும்போது கடன்பட்டவன் பாவியாகிறான். கடன் கொடுத்தவன் மன்னிக்கும் இடத்தில், ஏறத்தாழ கடவுளின் இடத்தில், போய் அமர்ந்துகொள்கிறான். இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. யூபிலி 2000இன் வெற்றியும் தோல்வியும் இந்தச் சொல்மாற்றத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன என்பதே எனது வாதம்.

3. கிடைத்ததும் கிடைத்த விதமும்

கிடைத்ததை முதலிற் சொல்லவேண்டும். உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் 1996இல் 'பெருங்கடன்பட்ட வறிய நாடுகள்' திட்டத்தைத் தொடங்கின. இயக்கத்தின் அழுத்தத்தால் 1999இல் கொலோனில் அது விரிவாக்கப்பட்டது. 2005இல் கிளெனீகிள்ஸ் மாநாட்டின் பின் அவ்விரு நிறுவனங்களுக்கும் ஆபிரிக்க அபிவிருத்தி வங்கிக்கும் உரிய கடன்களும் துடைக்கப்பட்டன. இதுவரை 37 நாடுகளுக்கு 10,000 கோடி டொலருக்கு மேற்பட்ட நிவாரணம் கிடைத்துள்ளது. தான்சானியா ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை நீக்கியது. பிள்ளைகள் பாடசாலைகளில் நிரம்பி வழிந்தார்கள். சாம்பியா 2006 ஏப்ரலில் கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் நோயாளரிடம் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது. கூலிக்கு வேலைசெய்யும் ஒரு தாய்க்கு இதன் பொருள் என்னவென்பதை விளக்கத் தேவையில்லை. சீர்திருத்தவாதம் என்ற ஒற்றைச் சொல்லால் இதை ஒதுக்கித் தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இது எப்படிக் கிடைத்தது? விண்ணப்பித்த நாடு முதலில் 'தீர்மானப் புள்ளி' ஒன்றை அடையவேண்டும். பின்னர் நாணய நிதியத்தின் மேற்பார்வையில் நல்லொழுக்கத்தோடு இருந்து 'நிறைவுப் புள்ளி'யை அடையவேண்டும். சாம்பியாவிடம் அதன் தேசிய வணிக வங்கியைத் தனியார்மயமாக்கும்படியும் அரச சம்பளச் செலவைக் கட்டுப்படுத்தும்படியும் கேட்டார்கள். சம்பளச் செலவுக்கு வரம்பு விதிக்கப்பட்டதால் 2004இல் பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையின்றி வீட்டிலிருக்க, பாடசாலைகளோ ஆசிரியரின்றி இருந்தன. பிள்ளைகளைப் படிப்பிக்கவே கடன் ஒழிப்பு என்று சங்கிலியில் நின்றவர்கள் நம்பியிருந்தார்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

கொம்பு ஊதியதும் காணி திரும்பும் என்பது விவிலியச் சட்டம். இங்கு கடன்பட்டவன் வரிசையில் நின்று, பாவசங்கீர்த்தனம் செய்து, விதிக்கப்பட்ட தவத்தை முடித்து, பிறகுதான் மன்னிப்பைப் பெறுகிறான். எவனுக்கு மன்னிப்பு, எப்போது, எந்த நிபந்தனையில் என்பதைத் தீர்மானிப்பவன் கடன் கொடுத்தவனே. வழக்காளியும் நீதிபதியும் ஒருவராக இருக்கும் நீதிமன்றத்தை யூபிலி 2000 இடிக்கவில்லை. அதன் படிக்கட்டில் ஏழைகளுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்தது.

அந்த நீதிமன்றம் தன் வேலையைத் தொடர்ந்து செய்தது. 1979இல் ருமேனியா சாம்பியாவுக்கு உழவு இயந்திரங்கள் வாங்க சுமார் 1 கோடி 50 இலட்சம் டொலர் கடன் கொடுத்தது. அதைத் தீர்க்க இரு நாடுகளும் பேசிக்கொண்டிருந்த வேளையில், 1999இல் 'டொனெகல் இன்டர்நஷனல்' என்ற நிறுவனம் அக்கடனைச் சுமார் 33 இலட்சம் டொலருக்கு வாங்கியது. பிறகு 5 கோடி 50 இலட்சம் டொலர் கேட்டு லண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2007இல் ஏறத்தாழ 1 கோடி 55 இலட்சம் டொலரைச் சாம்பியா கட்டவேண்டியதாயிற்று. யூபிலியில் மிச்சம்பிடித்த பணத்தில் ஒரு பகுதி இப்படிப் பருந்துக்குப் போயிற்று. இவ்வாறான வழக்குகளைக் கட்டுப்படுத்த பிரித்தானியா 2010இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பின்னாலும் இதே திருச்சபைசார் அமைப்புகளின் உழைப்பு இருந்தது. ஆனால் அது பெருங்கடன்பட்ட நாடுகள் திட்டத்துக்குட்பட்ட பழைய கடன்களை மட்டுமே காத்தது. சாம்பியா 2012 முதல் 2015 வரை சர்வதேசச் சந்தையில் 300 கோடி டொலருக்குப் புதிய பிணைமுறிகளை விற்றது. 2020 நவம்பரில் வட்டி கட்டமுடியாமல் மீண்டும் விழுந்தது. பதினைந்தே ஆண்டுகளில் வட்டம் பூர்த்தியாயிற்று.

ஊழலும் ஊதாரித்தனமும் இதில் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் ஊதாரிக்குக் கடன் கொடுத்தவன் அதற்குரிய நட்டத்தை ஏற்கவேண்டும் என்பது எமது ஊர்ச் சீட்டுக்காரருக்குக்கூடத் தெரிந்த வழக்கம். ஆபத்துக்கென்றே கூடுதல் வட்டி வாங்கியவர்கள், ஆபத்து வந்தபோது முதலும் வேண்டும் என்கிறார்கள்.

4. தெற்கிலிருந்து எழுந்த குரல்

இந்த விமர்சனத்தை நான் முதன்முதலாகச் சொல்லவில்லை. இயக்கத்துக்குள்ளிருந்தே அது எழுந்தது. 1999 நவம்பரில் தென்னாபிரிக்காவில் கூடிய ஆபிரிக்க, ஆசிய, லத்தீன் அமெரிக்கக் குழுக்கள் 'யூபிலி தெற்கு' என்ற தனி வலையமைப்பை உருவாக்கின. அவர்கள் மன்னிப்பு என்ற சொல்லையே மறுத்தார்கள். கடன்பட்டிருப்பது நாமல்ல, காலனித்துவத்தாலும் அடிமை வர்த்தகத்தாலும் கொள்ளைபோன மக்களுக்கு வடக்கே கடன்பட்டிருக்கிறது என்றார்கள். கேப் ரவுண் அங்கிலிக்கன் பேராயர் என்டுங்கானே, நிறவெறி அரசு வாங்கிய கடனை அந்த அரசால் ஒடுக்கப்பட்டவர்களே கட்டுவது எந்த அறம் என்று கேட்டார். வடக்கின் நண்பர்கள் 'கட்டமுடியாத கடன்' என்றபோது தெற்கின் தோழர்கள் 'கட்டக்கூடாத கடன்' என்றார்கள். முன்னது கடனாளியின் இயலாமையைப் பற்றியது. பின்னது கடனின் நியாயத்தைப் பற்றியது. ஒரே யூபிலியின் பெயரால் பேசிய இரு தரப்புக்குமிடையில் இருந்த தூரம் இதுதான்.

இந்த வேறுபாடு இறையியலில் ஏற்கெனவே பேசப்பட்டது. 2024 ஒக்டோபரில் லிமாவில் காலமான குஸ்தாவோ குத்தியேரஸ், 1971இல் வெளியிட்ட விடுதலை இறையியல் நூலில் வறுமைக்கு மூன்று பொருள்களைப் பிரித்துக் காட்டினார். பொருளாதார வறுமை மனிதரால் உண்டாக்கப்பட்ட தீமை. ஆன்மீக வறுமை கடவுளிடம் திறந்த மனம். மூன்றாவது, ஏழைகளோடு சேர்ந்துநின்று அவர்களின் வறுமையை எதிர்க்கும் வறுமை. திருச்சபை நூற்றாண்டுக்கணக்காக முதலாவதை இரண்டாவதாக வேடமிட்டுக் காட்டிவந்தது என்பதே அவரது விமர்சனத்தின் உட்கிடை.

எமது நாட்டிலும் இந்த மரபு இருந்தது. கொழும்பில் 1971இல் சமூக, சமய நிலையத்தைத் தொடங்கிய வணபிதா திஸ்ஸ பாலசூரிய, உலகின் நிலம் காலனித்துவத்தால் எவ்வாறு பங்கிடப்பட்டது, பங்கிட்ட பிறகு எல்லைகள் எவ்வாறு பூட்டப்பட்டன என்று எழுதியவர். அகதி விண்ணப்பப் படிவம் நிரப்பிய எவரும் அவரது 'கோள் இறையியல்' நூலை வாசிக்கலாம். 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. ஓராண்டின் பின் மீளச் சேர்த்தது. களனியின் அலோசியஸ் பீரிஸ் இன்னும் ஒரு படி போனார். ஆசியாவின் ஏழைகளிற் பெரும்பாலானோர் கிறிஸ்தவரல்லர். ஆகவே ஏழைகளுக்கான விசுவாசம் பௌத்தரோடும் இந்துக்களோடும் முஸ்லிம்களோடும் சேர்ந்தே உருவாகமுடியும் என்றார். பேராசைக்கெதிரான ஏழைகளின் உடன்படிக்கையே அவருக்கு மையம். எமது புலமையாளர்கள் பாரிஸிலிருந்து வரும் கோட்பாடுகளுக்குக் கொடுத்த கவனத்தில் பத்திலொன்றை இவ்விருவருக்கும் கொடுக்கவில்லை. தமிழ்த் தேசியவாதிகளுக்கு அவர்கள் சிங்களவர். இடதுசாரிகளுக்கு அவர்கள் பாதிரிமார். இந்த இரண்டு காரணங்களும் வாசிக்காமலிருப்பதற்குப் போதுமானவையல்ல.

5. நோர்வேயின் கப்பல்கள்

மன்னிப்பு என்ற சொல்லைத் தாண்டிப்போக முடியுமா? ஒருமுறை முடிந்தது. அது நான் வாழும் இந்த நாட்டில் நடந்தது.

1976க்கும் 1980க்கும் இடையில் நோர்வேயின் கப்பல் கட்டும் தொழில் வேலையின்றிக் கிடந்தது. தனது தளங்களைக் காப்பாற்ற நோர்வே அரசு வறிய நாடுகளுக்குக் கடன் உத்தரவாதத்துடன் கப்பல்களை விற்றது. 21 நாடுகளுக்கு 156 கப்பல்கள். உதவி என்ற பெயர் இருந்தாலும் அந்நாடுகளுக்கு அவை தேவையா, ஓட்டி இலாபமீட்ட முடியுமா என்று ஒழுங்காக ஆராயப்படவில்லை. கப்பல்கள் வருமானம் தரவில்லை, கடன் நின்றது, வட்டி வளர்ந்தது.

நோர்வேயின் கடன் ஒழிப்பு அமைப்பும் திருச்சபையின் உதவி நிறுவனமும் இந்த ஒரு விடயத்தைப் பல்லாண்டுகளாக விடாமற் பிடித்துக்கொண்டன. ஏழைகள்மீது இரங்குங்கள் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. இந்தக் கடன் எங்கள் தவறு, ஆகவே அதைக் கேட்க எங்களுக்கு உரிமையில்லை என்றார்கள். 2006 ஒக்டோபரில் எக்குவடோர், எகிப்து, ஜமெய்க்கா, பெரு, சியெரா லியோன் ஆகிய ஐந்து நாடுகளின் கப்பற் கடன்களை நோர்வே தன்னிச்சையாக, நிபந்தனையின்றி நீக்கியது. தொகை சுமார் 52 கோடி குரோணர். அறிவித்தவர் அபிவிருத்தி அமைச்சர் எரிக் சூல்ஹைம். எமக்கெல்லாம் வேறொரு காரணத்தால் நன்கு தெரிந்த பெயர். கடன் கொடுத்த நாடு என்ற வகையில் தமக்கும் இதிற் பொறுப்புண்டு என்று அரசு ஒப்புக்கொண்டதே இங்கு புதியது. 2013இல் தனது எஞ்சிய கடன்களைத் தானே கணக்காய்வுக்கு உட்படுத்தியது.

பணத்தின் அளவில் இது அற்பம். எண்ணெய் வளம் கொழிக்கும் நாட்டுக்கு இது கைச்செலவு என்று ஏளனம் செய்யலாம். ஆனால் கருத்தளவில் கொலோனைவிட இது பெரிது. இங்கு பாவசங்கீர்த்தனம் செய்தவன் கடன் கொடுத்தவன். கோரிக்கையை முன்னெடுத்தவர்களுள் முக்கியமானவர்கள் கோயிலிலிருந்து வந்தார்கள். நிறைவேற்றிய அமைச்சர் இடதுசாரி சோசலிசக் கட்சிக்காரர். இந்தக் கூட்டணி சாத்தியமென்பதை, மதமென்றதும் கதவைச் சாத்தும் எம் நண்பர்களும், அரசியலென்றதும் செபத்தைத் தொடங்கும் எம் போதகர்களும் கவனிக்கவேண்டும்.

6. எமது பங்கு எங்கே?

இனி எமது விடயத்துக்கு வருவோம். 2006இல் பெருங்கடன்பட்ட நாடுகள் திட்டத்துக்குத் தகுதிபெறக்கூடிய பட்டியலில் இலங்கையும் இருந்தது. அரசு தனக்கு அது வேண்டாமென்றது. அடுத்த ஆண்டு, 2007இல், யுத்தம் உக்கிரமாகிக்கொண்டிருந்தபோது, முதன்முறையாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டொலருக்குப் பிணைமுறி விற்றது. வாங்கியவர்களுக்கு அந்த நாட்டில் என்ன நடக்கிறதென்று தெரியாமலிருந்திருக்க முடியாது. நிறவெறி அரசின் கடன் பற்றிப் பேராயர் கேட்ட கேள்வி இங்கும் பொருந்துமல்லவா? எமது அரசியல்வாதிகளிற் பெரும்பாலானோர் அதைக் கேட்கவில்லை. எமது திருச்சபைகளும் உரக்கக் கேட்கவில்லை.

2022இல் நாடு விழுந்தபோது இப்பிணைமுறிகளின் நிலுவை ஏறத்தாழ 1,250 கோடி டொலர். அவ்வாண்டு ஜனவரி 18இல், டொலர் தட்டுப்பாடு நாட்டை நெரித்துக்கொண்டிருந்த வேளையிலும், 50 கோடி டொலர் பிணைமுறி ஒன்று தவறாமற் கட்டப்பட்டது. ஹமில்டன் ரிசேர்வ் வங்கி 25 கோடி டொலருக்கு மேல் கேட்டு நியூயோர்க்கில் வழக்குத் தொடர்ந்தது. புரோஸ்புல் இதுதான்: கடன் நீதிமன்றத்திடம் இருக்கிறது, யூபிலி அதைத் தொடாது, தொட்டால் இனி எவரும் ஏழை நாடுகளுக்குக் கடன் கொடுக்கமாட்டார்கள்.

சுமை எங்கே இறங்கியது? 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் கையிலிருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதி குறைந்த வட்டியை ஏற்கவேண்டியதாயிற்று. மறுத்திருந்தால் அதன்மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகியிருக்கும். அது தோட்டத் தொழிலாளரும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் மாதாமாதம் சம்பளத்திலிருந்து சேமித்த பணம். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. 2024 டிசம்பரில் வெளிநாட்டுப் பிணைமுறிதாரருடன் முடிந்த ஒப்பந்தத்தில் முதலில் 27 வீதம் குறைக்கப்பட்டதாகச் சொன்னார்கள். நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கட்டவேண்டும் என்ற பிரிவும் அதில் உண்டு. 1953இல் லண்டனில் மேற்கு ஜேர்மனியின் கடன் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, அது தனது ஏற்றுமதி உபரியிலிருந்து கட்டக்கூடியதாக ஏற்பாடு செய்யப்பட்டது. ஹிட்லருக்குப் பின் எட்டாண்டுகளில் ஜேர்மனிக்குக் காட்டப்பட்ட கரிசனை இலங்கைத் தையற்காரிக்குக் காட்டப்படவில்லை.

நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் நத்தார் காலத்தில் வறிய நாடுகளுக்கென்று ஓர் உண்டியல் வைப்பார்கள். நாமும் போடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அதே வரிசையில் நின்று மீன் வெட்டும் தமிழரும் எரித்திரியரும் கொங்கோக்காரரும் மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணம் உண்டியலைவிடப் பன்மடங்கு பெரிது. நாங்கள் அனுப்பும் டொலரும் யூரோவும் குரோணரும் அம்மாவின் மருந்துக்கென்று போகின்றன. அம்மாவின் கையில் ரூபாய் கிடைக்கிறது. வெளிநாட்டு நாணயம் வங்கிகளின் வழியாக நாட்டின் கையிருப்புக்குள் சேர்கிறது. பிணைமுறிக்காரருக்குப் போவது அந்தக் கையிருப்பிலிருந்துதான். ஆகவே உலகக் கடன் விவகாரத்தில் நாம் பார்வையாளரல்லர், கட்டுபவர்கள். கட்டுபவனுக்குக் கணக்குக் கேட்க உரிமையுண்டு.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் எம்மவருக்கென்று எத்தனையோ தமிழ்ச் சபைகளும் பங்குகளும் இருக்கின்றன. அநாதை இல்லங்களுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அவை பணம் சேர்க்கின்றன. அவை தாம் வாழும் நாடுகளின் ஓய்வூதிய நிதியங்களும் வங்கிகளும் இலங்கைப் பிணைமுறிகளை வைத்திருக்கின்றனவா, என்ன விலைக்கு வாங்கின என்று ஒருமுறை எழுதிக் கேட்டதுண்டா? நியூயோர்க் மாநிலச் சட்டமன்றத்தில் பருந்து நிதியங்களைக் கட்டுப்படுத்தக் கொண்டுவரப்பட்ட மசோதாக்களுக்காக அமெரிக்க யூபிலி வலையமைப்பு உழைத்தபோது அங்குள்ள எமது சபைகள் எங்கே நின்றன? பேர்மிங்காமில் நின்ற மூதாட்டிகள் அஞ்சலட்டையில் தொடங்கினார்கள். எமது போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் அது கைக்கெட்டாத காரியமல்ல.

சபைக்குப் போகாத எம் போன்றோருக்கும் இதில் வேலை உண்டு. கணக்கைப் படித்துத் தமிழில் எழுதவேண்டியவர்கள் நாமே. 2007 முதல் விற்கப்பட்ட ஒவ்வொரு பிணைமுறியும் எதற்காக, யாருடைய அனுமதியோடு, யார் வாங்கினார் என்ற விபரத்தை ஒரு நோர்வேயின் கணக்காய்வைப் போலத் தொகுப்பது, பொருளியலும் சட்டமும் கற்ற பத்துப் பேர் சேர்ந்தால் செய்யக்கூடியது. பல்கலைக்கழகங்களில் கற்பித்துவிட்டு இன்று தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் நிற்பவர்கள் எம்மிற் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறோம். இக்குறிப்புகளோடு முரண்படுவோர் எழுதட்டும். உடன்படுவோர் அந்தக் கணக்கில் ஒரு பிணைமுறியை எடுத்துத் தொடங்கட்டும்.